ஒழுகின அண்ணனும் ஒழுகாத தம்பியும்

ஒரு பழைய காரின் பின்பக்கத்தில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஷாக் அப்சார்பர்கள் இருந்தன. இடப்பக்கத்து அண்ணனுக்கு எண்ணெய் ஒழுகியது. வலப்பக்கத்துத் தம்பிக்கு அதைப் பார்த்தாலே அருவருப்பு.

"என் மேல படாம ஒழுகுண்ணே" என்பான், நடுவே ஒரு கார் அகலம் இருந்தும்.

அண்ணனைச் சீக்கிரம் கழற்றிப் போட வேண்டும் என்று சாமியிடம் தினமும் வேண்டிக்கொண்டான். சாமியும் கேட்டது. மெக்கானிக் வந்து, ஜாக்கி வைத்து, அண்ணனைக் கழற்றினார்.

"நல்லபடியாப் போயிட்டு வாண்ணே" என்றான் தம்பி, ரொம்பப் பணிவாக.

மெக்கானிக் ஜாக்கியை வலப்பக்கம் நகர்த்தினார்.

"ஐயையோ, நான் ஒழுகலையே!"

"பின்னாடி ஷாக்கை எப்பவும் ஜோடியாத்தான் மாத்துவாங்க" என்றது கழற்றி வைத்திருந்த சக்கரம்.

பழைய இரும்புக் குவியலில் அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"பார்த்து உட்காரு தம்பி. எண்ணெய் பட்டுடப் போகுது."