இரண்டு கையும் வேண்டும்

குட்டி இறந்து மூன்று நாளாகியும் தாய்க்குரங்கு அதை இறக்கி வைக்கவில்லை. கூட்டம் அடுத்த தோப்புக்குப் போய்விட்டது. அது மட்டும் குட்டியை இடக்கையால் மார்போடு அணைத்தபடி, யோகா கூடத்துச் சன்னலில் வந்து உட்கார்ந்தது. உள்ளே எல்லோரும் கண்மூடி, கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து, கைகளை முழங்கால்மேல் வைத்திருந்தார்கள்.

"இவங்க என்ன செய்றாங்க?"

"சின் முத்திரை, அக்கா," என்றது தினமும் அங்கே வரும் அணில். "இப்படி உட்கார்ந்தா மனசு அடங்கிடுமாம். அழுதுட்டே வந்த ஒரு அம்மா இப்ப சிரிச்சிட்டுப் போறாங்க."

குரங்கு வலக்கை விரல்களைச் சேர்த்துப் பார்த்தது. மனம் அடங்கவில்லை.

"ஒரு கையால செஞ்சா எப்படி? ரெண்டு கையும் வேணும். அதைக் கீழே வை."

"எதை?"

அணில் வாலைச் சுருட்டிக்கொண்டது. "குட்டியைத்தான், அக்கா."

குரங்கு குட்டியைச் சன்னல் திட்டில் கிடத்திவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக் கண்களை மூடியது. விரல்நுனிகள் சேர்ந்தன.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அணில் மெல்லக் கேட்டது.

குரங்கு கண்களைத் திறந்தது.

"இது எனக்கு முன்னாடியே தெரியும்," என்றது.

அப்படியே குனிந்து, அதே இரண்டு விரல்களால் குட்டியின் முடியை விலக்கிப் பேன் பார்க்கத் தொடங்கியது. ஒரு பேன்கூட அகப்படவில்லை. உடல் குளிர்ந்த அன்றே அவை போய்விட்டிருந்தன.