பல் டாக்டரின் கியர்

"அநியாயம்டா கெத்தின்! வெண்ணெயில கத்தி இறங்கற மாதிரி இறங்குது கியர். இதைப் போய் இறுகிக் கிடக்குன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கியே!"

நெரிஸ் கார் சாவியை மேஜை மேல் எறிந்தாள்.

தம்பி கெத்தின் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே விசிலடித்தான்.

வேல்ஸ் மலையடிவாரத்தில் அக்காவும் தம்பியுமாக அந்த ஒர்க்‌ஷாப்பை நடத்தி இருபது வருஷம் ஆகிறது. பழைய கார்கள்தான் பிழைப்பு. அன்று காலையில் வந்து நின்றது இட்வால் ப்ராஸரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. ரெண்டே சீட்டு, கூரை கிடையாது. ப்ராஸர், ஓய்வு பெற்ற பல் டாக்டர்.

"கியர் போடறது, மயக்க ஊசி இல்லாம கடைவாய்ப் பல்லைப் பிடுங்கற மாதிரி இருக்குப்பா. மூணு ஒர்க்‌ஷாப் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை எங்க கார் கிளப்புல எல்லாரும் வண்டியோட மலையேறப் போறோம். நாப்பது வருஷத்துல ஒரு தடவை கூட நான் போகாம இருந்ததில்லை."

கெத்தின் அவர் கையைக் குலுக்கினான். வண்டியில் ஏறிக் கியரை ரெண்டு தடவை அசைத்தான். முகம் அஷ்டகோணலாகப் போனது.

"ஐயையோ! இதை வச்சுக்கிட்டு எப்படி டாக்டர் இங்க வரைக்கும் வந்தீங்க? நானா இருந்தா பாதி வழியில உக்காந்து அழுதிருப்பேன்."

டாக்டர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "பாத்தியா! நான்தான் சொன்னேனே!"

அவர் பஸ் ஏறிப் போனதும் நெரிஸ் அந்த வண்டியில் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் இந்தச் சண்டை.

"ஒண்ணுலேருந்து நாலு, நாலுலேருந்து ஒண்ணு. சுண்டு விரலாலயே போட்டேன்டா!"

"உன் சுண்டு விரல் உலக்கை மாதிரி இருக்கும் அக்கா."

"பேச்சை மாத்தாதே. கிளட்ச் சரி, ஆயில் சரி, எல்லாமே சரி. வயசானவரை ஏமாத்தறியா? அப்பா இருந்திருந்தா ஸ்பானராலயே போட்டிருப்பார்."

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"எதைடா சரி பண்ணுவே? சரியா இருக்கறதையா?"

அவன் லேத் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ரெண்டு நாள் உள்ளே 'கர்ர் கர்ர்' என்று ஒரே சத்தம். டீ குடிக்க வெளியே வரும்போதெல்லாம், "ரொம்பச் சிக்கலான கேஸ்" என்று ஒரு பெருமூச்சு வேறு. தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"கியர் வேலைக்கு மரத்தூள் எதுக்குடா?"

"தொழில் ரகசியம்."

நெரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார்.

"முடிஞ்சுது டாக்டர்" என்றான் கெத்தின். "உள்ளே ஒரு பல்சக்கரம் மக்கர் பண்ணிச்சு. சொத்தைப் பல்லுன்னு வச்சுக்குங்களேன்." சொல்லும்போதே அவன் காது ரெண்டும் சிவந்துபோயின.

"நானும் கூட வரேன் டாக்டர், ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்." நெரிஸ் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கெத்தின் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் மலைப்பாதையில் ஏறியது. முதல் கியர். ரெண்டு. மூன்று.

"போகுது! பொண்ணே, அல்வா மாதிரி போகுது!"

டாக்டரின் தொப்பி பறந்தது.

"டாக்டர், தொப்பி!"

"தொப்பி கிடக்குது, நாலாவது கியரைப் பாரு!"

செம்மறியாடுகள் வாயில் புல்லோடு வேலியோரம் ஒதுங்கின. அதுகளுக்கெல்லாம் ஹாரன் அடித்து வணக்கம் சொன்னார். தேவையே இல்லாமல் ரெண்டாவது கியருக்கு இறங்கினார்; மறுபடி ஏறினார். "யாஹூ!" என்று கத்தினார். நெரிஸுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

உச்சியில் வண்டி நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க. உங்க கியர்ல ஒரு கோளாறும் இல்லை. என் தம்பி உங்ககிட்ட பொய் சொல்லிட்டான்."

டாக்டர் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"தெரியும்மா. கோளாறு இங்க இருக்கு." ரெண்டு கையையும் நீட்டினார். விரல்கள் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தன. "மூணு ஒர்க்‌ஷாப்லயும் உண்மையைத்தான் சொன்னாங்க. 'வண்டி நல்லா இருக்கு, உங்க கைதான் போச்சு, வித்துடுங்க'ன்னு. நாலாவதா ஒருத்தனாவது பொய் சொல்ல மாட்டானான்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

நெரிஸ் அந்த விரல்களைக் குனிந்து பார்த்தாள்.

"கை குலுக்கினப்பவே உன் தம்பிக்குப் புரிஞ்சுபோச்சு. இதைப் பாரு."

அப்போதுதான் அவள் கியரைச் சரியாகப் பார்த்தாள். கம்பி நாலு அங்குலம் நீண்டிருந்தது, லேசாகத் தள்ளினாலே நகரும்படி. அதன் தலையில், மடங்காத விரல்களுக்கும் அடங்குகிற மாதிரி, மரத்தில் கடைந்த பெரிய குமிழ்.

அவள் அந்தக் குமிழைத் தடவிப் பார்த்தாள். "கீழே போனதும் முதல் வேலையா அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் டாக்டர். உங்களுக்கு எல்லாம் தெரியும்னு..."

"ஐயோ, சொல்லிடாதே தாயே!" டாக்டர் பதறிப்போனார். "நான் கண்டுபிடிக்கவே இல்லைன்னு பாவம், எவ்வளவு சந்தோஷமா நிக்கறான்!"