அவியல், அறுபது கிராம்

பாளையங்கோட்டையில் நான் சமைக்கிற கல்யாண மண்டபத்துக் குப்பைத்தொட்டி, உள்ளே விழும் எச்சில் இலையைப் பார்த்தே எந்தப் பதார்த்தம் எவ்வளவு வீணானது என்று கண்டுபிடித்துவிடும். அடுப்படியிலும் பந்தியிலும் தொங்கும் பலகைகளில் அந்தக் கணக்கு உடனே வரும். இலையில் ஒரு கிராம்கூட வீணாகாத கல்யாணத்துக்கு மாநகராட்சி தங்கக் கரண்டி தரும். அதை இதுவரை எந்தச் சமையல்காரனும் வாங்கியதில்லை.

இன்று எழுநூறு பேர் சாப்பிட்டார்கள். கடைசி இலையும் தொட்டிக்குள் போனது. பலகையில் பூஜ்யம்!

"பூஜ்யம்டே! பூஜ்யம்!" நான் குதித்த குதியில் தோள்துண்டு எங்கோ பறந்தது.

பெண்ணின் அப்பா கோமதிநாயகம் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, மானம் போச்சு! இலையில ஒண்ணுமே மிஞ்சலியாம். சோறு பத்தலன்னு சம்பந்தி வீட்ல பேசிக்கிடுதாவ."

"அண்டாவுல பாதி அப்படியே கெடக்கே!"

"அண்டாவ யாரு பாத்தா? எல்லாரும் பலகையத்தான பாக்காவ."

அவர் கண் கலங்கியிருந்தது. வரும் தை மாதம் என் மகளுக்கும் இதே மண்டபத்தில்தான் கல்யாணம்.

அரைக் கரண்டி அவியலை அள்ளித் தொட்டியில் போட்டேன். அதற்கு மேல் போட மனசு வரவில்லை.

பலகை மாறியது: அவியல், அறுபது கிராம்.

பந்தியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா குரல் கணீரென்று கேட்டது.

"பாத்தியளா, தின்னு தீக்க முடியல! நம்ம சம்பந்தி தாராளமான ஆளுய்யா!"