சிவப்பு பிடிக்கல, அத்தை

"விற்கப்போற வண்டியை எவளாவது பிரிச்சுப் போடுவாளா?"

மாமியாரின் குரல் மாடி வீடு வரைக்கும் கேட்டது.

வாசலில் நின்ற காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் இருந்த இடத்தில் ஒரு பொந்து. மீட்டரோ கூடத்து மேஜையில் மல்லாந்து கிடந்தது. கண்ணாடி தனியே, முட்கள் தனியே. கையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னோடு மருமகள் அதன்மேல் குனிந்திருந்தாள்.

"சாயங்காலம் ஆள் வந்து பார்க்கப் போறார். நீ என்னடி பண்ணிட்டிருக்க?"

"லைட் கலர் மாத்துறேன் அத்தை. இருட்டினா மீட்டர் சிவப்பா எரியுது. எனக்கு சிவப்பு பிடிக்கல. நீலம்னா பார்க்க நல்லாருக்கும்."

"பார்க்க நல்லாருக்குமா! வேற எவனோ ஓட்டப்போற வண்டிக்கு நீ மை தீட்டி அனுப்புறியா?"

மருமகள் கடைத்தெருவில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். கடுகில் பாதி இருக்கும் விளக்குகளை ஒவ்வொன்றாகச் சுட்டு எடுத்து, புதியதை வைத்துக்கொண்டிருந்தாள்.

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, காருக்கு ஆபரேஷனா?"

"ஆபரேஷன் காருக்கு இல்லைங்க, இவ மூளைக்குத்தான் பண்ணணும்!"

ஜன்னலோரம் பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தான் மகன். ஆசை ஆசையாக வாங்கிய கார். வாங்கிய புதிதில் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவுவான். இப்போது கொஞ்ச நாளாக, 'வித்துடலாம்' என்று ஒரே பிடிவாதம். ஏன் என்றால் ஒருநாள் மைலேஜ் இல்லை என்பான், மறுநாள் நிறுத்த இடமில்லை என்பான். அக்கா வீட்டுக்குப் போனால்கூட இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால், விற்பதற்காக நேற்று அதைத் துடைத்தவன், துடைத்து முடித்த பிறகும் துணியைக் கீழே வைக்கவில்லை.

"நீயாவது கேளேன்டா! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவன் பக்கம் திரும்பினாள் அம்மா.

"விடும்மா. ஆசைப்படுறா. செஞ்சுட்டுப் போகட்டும்."

"இதைப் பார்த்துட்டு வர்றவர் வேண்டாம்னுட்டா?"

"போனா போறார். கலர்தானேம்மா!"

"ஆமாண்டா, பொண்டாட்டி சொன்னா சூரியனுக்கே கலர் மாத்துவே!"

மத்தியானம் மீட்டரைக் காரில் பொருத்தி, பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது என்று, கண்ணாடிகள்மேல் போர்வையைப் போட்டு மூடி, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பளிச்சென்று நீலம். ஆனால் அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே மட்டும் இருட்டு.

"ஐயோ, ஒண்ணைத் தலைகீழா வெச்சுட்டேன்."

"பலே! மீட்டருக்குப் பல்லு விழுந்துடுச்சு," என்றாள் மாமியார், போர்வையின் ஒரு முனையை விலக்கிப் பார்த்து.

மறுபடி பிரித்தாள். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டாள். பிரிக்கும் முன் எடுத்த போட்டோவைப் பார்த்துப் பார்த்து, முட்களைப் பழைய இடத்திலேயே கச்சிதமாக உட்கார வைத்தாள். கொஞ்சம் பிசகினாலும் வேகத்தைத் தப்பாகக் காட்டும்.

வாங்குகிறவர் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாமா?"

மகன் சாவியை நீட்டினான். "நீங்களே ஓட்டிப் பாருங்க சார்."

"அதெல்லாம் வேண்டாம்," என்று குறுக்கே வந்தாள் அம்மா. "வண்டி உன்னோடது. நீ ஓட்டிக் காட்டு."

அவன் தயங்கினான். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மருமகள் கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் மெதுவாகத் தெருமுனை திரும்பியது.

ஒரு ரவுண்டு என்று போனவர்கள் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். வந்தவர் கதவை அறைந்து சாத்தினார்.

"என்னம்மா இது! பாதி வழியில விசிலடிக்க ஆரம்பிச்சார். பைபாஸ்ல ஏறினதும் விற்கலைன்னுட்டார்!"

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்," என்றான் மகன். பிறகு அம்மாவிடம், "இவ இவ்வளவு பாடுபட்டு மாத்தியிருக்காம்மா. இதைப் போய் எப்படி விற்கிறது? அக்கா வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்துடறேன்."

இருட்டில் கார் மறுபடி கிளம்பியது.

மாமியார் உள்ளே போய்க் களிம்பு எடுத்து வந்தாள். மருமகளின் விரலைப் பிடித்துத் தடவினாள்.

"சிவப்பு வெளிச்சம் அவன் கண்ணுக்குச் சரியாத் தெரியாதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

மருமகள் திகைத்துப் போனாள். "அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? சின்னதுல ஒரு தடவை படத்துக்குக் கலர் மாத்தி அடிச்சுட்டான். வகுப்பே சிரிச்சிருக்கு. அன்னையிலேர்ந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவான்."

"ஒருநாள் இருட்டினப்புறம், எவ்வளவு வேகத்துல போறோம்னு கேட்டேன் அத்தை. மீட்டரை உத்து உத்துப் பார்த்துட்டு, குத்துமதிப்பா ஒரு நம்பர் சொன்னார். கேட்டா மனசு உடைஞ்சு போவார்னுதான், எனக்குப் பிடிக்கலைன்னு..."

"ம்."

"எல்லாம் தெரிஞ்சுமா காலையிலேர்ந்து என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?"

"பின்னே? நான் கத்தினாத்தானேடி, உன் ஆசைக்காக அவன் விட்டுக்கொடுத்ததா இருக்கும்!"