பதினோராம் அறை வாசலில்

“சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. கம்பளத்தைப் பாருங்கோ, கால் வைக்கவே பாவமாக் கிடக்கு.”

மனைவி சுந்தரேஸ்வரி சொன்னபடியே இராசலிங்கம் பதினோராம் அறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். அவள் இரண்டு சோடிகளையும் சுவரோரம் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

டிரெஸ்டனுக்கு வெளியே, எல்பே ஆற்றைப் பார்த்தபடி நின்றது அந்த மாளிகை. ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கம்பளி வியாபாரி ஒருவர், தன் நாட்டுப் பிரபுக்களின் வீட்டைப் போலவே கட்டியது. இப்போது ஹோட்டல். ஓக் மரப் படிக்கட்டு, சுவரில் மான்கொம்பு, நாலு மணிக்குக் கணப்பின் அருகே தேநீர். ஆனால் இதையெல்லாம் அனுபவிக்கவா இராசலிங்கம் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயில் ஏறி வந்தார்?

வரவேற்பு மேசையில் நின்ற பிருந்தனைப் பார்க்க வந்திருந்தார்.

மகள் தேனுஜா டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்கிறாள். கட்டினால் பிருந்தனைத்தான் என்று ஒரு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவன் இந்த ஹோட்டலில் உதவி மேலாளர் என்கிறாள். இராசலிங்கம் நம்பவில்லை. இருபத்தேழு வருடம் ஒரு சமையற்கட்டில் கோப்பை கழுவியவர் அவர். ஹோட்டலில் உத்தியோகத்தின் பெயர் ஒன்று, செய்கிற வேலை இன்னொன்று என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“மற்றவனுக்கு முன்னால நான் குனிஞ்சது காணும். குனியிறவனுக்கு என்ர பிள்ளையைக் குடுக்க ஏலாது” என்று ரயிலிலேயே சொல்லிவிட்டார். இரண்டு நாள் தங்கிப் பார்ப்பது, வீட்டுக்குத் திரும்பியதும் மகளுக்கு ஓம் என்றோ இல்லை என்றோ முடிவாகச் சொல்லிவிடுவது. அதுதான் திட்டம்.

தேனுஜாவுக்குக்கூட இந்தப் பயணம் தெரியாது. சம்மதம் சொல்லும்வரை எங்கள் படத்தை அவனுக்குக் காட்டாதே என்று முன்பே கட்டளை போட்டிருந்தார். அறையை நண்பர் அம்புறோஸின் பெயரில் எடுத்தார். கேட்டால் மொரீஷியஸ்காரர். அறைக்கு வெளியே ஜெர்மன் மட்டும்தான். சுந்தரேஸ்வரி பொட்டை அழித்தாள். எங்கே போனாலும் கைப்பையில் கொண்டுபோகும் மிளகாய்த்தூள் போத்தலையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதுதான் அவளுக்குப் பெரிய கவலை.

அன்று மாலை இராசலிங்கம் வேலையைத் தொடங்கினார். தேநீர் ஆறிவிட்டது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். தலையணை சரியில்லை என்று மூன்று தரம் மாற்றச் சொன்னார். ஒவ்வொரு தரமும் பிருந்தனே வந்தான். சாம்பல் நிறக் கோட், மடிப்புக் கலையாத கழுத்துப்பட்டி, அந்நாட்டவர்களைப் போலவே ஜெர்மன். முகம் மட்டும் கோணவே இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்த இராசலிங்கம் அப்படியே நின்றார்.

வாசலில் சப்பாத்துகள் பளபளத்தன. அவருடையதில் இரண்டு மாதமாக வாய் திறந்து கிடந்த அடிப்பாகம்கூடப் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

சுந்தரேஸ்வரி மேசையிலிருந்த ஹோட்டல் கையேட்டை விரித்துக் காட்டினாள். அந்தக் காலத்தில் இந்த வீட்டு விருந்தினர் சப்பாத்தை வாசலில் விட்டால், விடிவதற்குள் வேலையாள் துடைத்து வைப்பானாம். பழைய படமும் போட்டிருந்தார்கள்.

“இன்னும் அந்த வழக்கத்தைக் கைவிடேல்லைப் போல” என்றாள்.

இராசலிங்கம் சப்பாத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருபத்தேழு வருசம் ஊரவன்ர கோப்பையெல்லாம் கழுவினன். எனக்கெண்டு ஒருத்தன் ஒண்டைத் துடைச்சுத் தந்தது இண்டைக்குத்தான்.” மறுகணமே முகம் மாறியது. “ஆர் துடைச்சது? உவனாயிருந்தால் கதை முடிஞ்சுது.”

“மூண்டு தரம் தலகாணி மாத்தினவனும் உவன்தானே. அப்ப குனியேல்லையோ?”

“அது வேற.”

“என்ன வேறயோ, உங்களுக்குத்தான் வெளிச்சம்.”

அன்று முழுவதும் இராசலிங்கம் முன்கூடத்துச் சாய்வு நாற்காலியில் பத்திரிகையோடு உட்கார்ந்து காவல் இருந்தார். பிருந்தன் தொலைபேசியில் பேசினான். பணியாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தான். கோபத்தோடு வந்த ஒரு விருந்தினரைச் சிரிக்க வைத்து அனுப்பினான். பிரஷ்ஷையோ துணியையோ தொடவில்லை. உண்மையிலேயே உதவி மேலாளர்தான். அடுத்த நாள் காலையும் சப்பாத்து மின்னியது. அதை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது இராசலிங்கத்தின் மனது முக்கால்வாசி ஓம் என்றது. மிச்சக் கால்வாசிக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி.

அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஹோட்டல் முதலாளியம்மாவிடம் ஜெர்மனில் கேட்டார். இங்கே சப்பாத்துத் துடைப்பது யார்?

அந்த அம்மாள் வியப்போடு பார்த்துவிட்டுச் சிரித்தாள். அதெல்லாம் தன் தாத்தா காலத்துக்கு முன்பே நின்றுபோயிற்று, கையேட்டில் படம் மட்டும்தான் மிச்சம், அந்த வேலைக்கு இங்கே ஆளே கிடையாது என்றாள்.

இராசலிங்கம் மெல்லத் திரும்பினார். கதவருகே அவருடைய மேலங்கியை விரித்துப் பிடித்தபடி பிருந்தன் நின்றான். அவன் நகக்கண்களில் கறுப்புச் சப்பாத்துப் பாலிஷ்.

இரண்டு நாள் ஒளித்து வைத்த தமிழ் தானாக வெளியே வந்தது.

“தம்பி… நீரோ?”

“ஓம் மாமா” என்றான் பிருந்தன், தமிழில். “பேரை மாத்தினீங்கள், மாமி பொட்டையும் அழிச்சிட்டா. ஆனா அறை வாசலில சப்பாத்தைக் கழட்டி அடுக்கிப்போட்டு உள்ளுக்குப் போறது எங்கட ஆக்கள்தானே. எங்கட ஆக்கள் என்னட்டத் தமிழை ஒளிக்கினமெண்டால், அது தேனுஜாவின்ர அப்பா அம்மாவாத்தான் இருக்கவேணும்.”

சுந்தரேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். இராசலிங்கம் குனிந்து தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும், தம்பி” என்றார் கடைசியில். “சப்பாத்தை வாசலில விட்டிட்டு உள்ளுக்குப் போம். அண்டைக்கு நான் துடைக்கிறன்.”