விழுந்தவள்

திரையில் அவள் விழுந்தாள்.

அரங்கம் கை தட்டியது.

வீடியோ முடிந்து மறுபடி ஓடியது. நரைத்த பொய்முடியும் கசங்கிய நைட்டியுமாக அடுப்படியிலிருந்து திரும்புகிறாள். கால் வழுக்குகிறது. முழங்கை தரையில் மோதுகிறது. அவளைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் தோன்றுகிறது.

"பாத்தீங்களா? விழுந்தத கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடிச்சிடுச்சு. இனிமே வீட்டுல தனியா இருக்கற பெரியவங்க விழுந்தா, அடுத்த நிமிஷம் பிள்ளைங்களுக்கு போன் போயிடும்" என்றார் பேராசிரியர்.

கடைசி வரிசையில் அவள் முழங்கையைத் தடவிக்கொண்டாள். மழை நாளில் இன்னும் வலிக்கிறது.

விழுவதென்றால் என்னவென்று கணினிக்குக் காட்ட யாராவது விழுந்தாக வேண்டும். மெத்தை போட்டால் பொய்யாகத் தெரிகிறதாம். வெறும் தரைதான். மற்ற மாணவர்கள் நாலு தடவை விழுந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மிச்சமெல்லாம் அவள்.

புடவையில் விழுந்தாள். வேட்டி கட்டிக்கொண்டு விழுந்தாள். நாற்காலியோடு விழுந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, எந்த நொடியில் விழுந்தோம் என்று ஒவ்வொரு வீடியோவிலும் தானே குறித்தாள். கணினிக்கான நிரலையும் அவளே எழுதினாள்.

திரையில் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு வந்தது. கீழே பெயர்கள்.

பேராசிரியர். அவருடைய நண்பர். துறைத்தலைவர். கேமரா இரவல் தந்தவர்.

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அவள் பெயர் இல்லை. இந்தக் கட்டுரையில் பெயர் இல்லாவிட்டால் அவளுக்கு முனைவர் பட்டம் இல்லை. போன வாரம் கேட்டதற்கு, கடைசியில் மாணவர்களுக்கு நன்றி போட்டிருக்கிறதே என்றார் பேராசிரியர்.

நன்றியாம்.

முன்வரிசையில் யாரோ கேட்டார், படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தார்களா என்று.

"சம்மதிக்காம எடுப்போமா? இப்பவும் யாராவது வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அவங்கள இதுலேருந்து எடுத்துடுவோம். அதுல நாங்க ரொம்ப கறார்."

அவள் எழுந்தாள்.

"என்னைய எடுத்துருங்க சார்."

தலைகள் திரும்பின. பேராசிரியர் சிரித்தார்.

"எதும்மா, இந்த வீடியோவா?"

"நான் விழுந்தது எல்லாத்தையும்."

சிரிப்பு அப்படியே நின்றது.

அவள் விழுந்ததையெல்லாம் எடுத்துவிட்டால் அந்தக் கணினிக்கு விழுந்தவர் யார், படுத்திருப்பவர் யார் என்றே தெரியாது. கட்டுரையில் நாலு பெயர்கள் மட்டும் மிஞ்சும். அது அந்த அரங்கில் இரண்டு பேருக்குத் தெரியும்.

அவர் மைக்கை விட்டு நகர மறந்துபோனார்.

"உலகம்மாள்... உக்காரும்மா. அப்புறம் பேசிக்கலாம்."

ஒலிபெருக்கிகள் அவள் பெயரைக் கடைசி வரிசைவரை கொண்டுவந்தன.

அவள் உட்காரவில்லை.