பெண் எலிக்கு இரங்கியவர்

"உங்க பிரஷர் மாத்திரை எனக்கு ஒத்துக்கல்ல. தலை சுத்துது. நாகர்கோவில் போய் டாக்டரைப் பாப்போமா?" பகவதி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நானும் அதைத்தானே திங்கேன்? எனக்கு ஒண்ணும் செய்யல்லியே! எல்லாம் உன் நெனைப்புதான் ஏட்டி," என்றார் பேராசிரியர் தாணுமூர்த்தி.

செல்போன் ஒலித்தது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து மாணவி லிஜி பேசினாள்.

"சார், ஒரே அளவு மருந்துதான் குடுத்தேன். ஆண் எலியெல்லாம் ஓடுது. பெண் எலியெல்லாம் சுருண்டு கெடக்கு."

"பெண் எலிக்கு அப்படித்தான் லிஜி. சிறுநீரகத்தில மருந்தை வெளியேத்துற புரதத்தை அதோட ஹார்மோன் குறைச்சிரும். பத்து வருஷமா இதைத்தானே நான் ஆராய்ச்சி செய்யேன்? உடனே மருந்தை நிறுத்து, பாவம்லா."

பகவதி மெல்லச் சிரித்தாள். "நானும் எலியாப் பொறந்திருக்கலாம்."

பேராசிரியர் அவளுடைய செருப்பை எடுத்துவந்து, குனிந்து அவள் காலடியில் வைத்தார்.

"வா, டாக்டர்ட்ட போவோம்."